14,800 ரிங்கிட் சர்வர்: முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் தோழி ஒருவர் போன வாரம் ஒரு சர்வர் கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, இது சரியா இருக்கா பாருங்க" என்றார். பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. 2023 ஜூனில் என்னிடம் நீட்டிய அதே பட்டியல். ஆளும் அதே ஆள். பெயரை எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

எங்களுடையது ஜாலான் ஈப்போவில் கடைவீட்டு மாடியில் இருக்கும் கணக்கு அலுவலகம். எட்டுப் பேர். "செலவு ஒரு தடவைதான் அக்கா, மாசா மாசம் யாருக்கும் கட்ட வேண்டாம்" என்றார் அந்தத் தம்பி. ஃபைல், மின்னஞ்சல் எல்லாம் ஒரே பெட்டியில் என்றதும் சரி என்று பணத்தைக் கட்டிவிட்டேன்.

அவர் போட்டுக் கொடுத்தது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, அதன் மேல் மின்னஞ்சலுக்கான எக்ஸ்சேஞ்ச் 2013 மென்பொருள். எக்ஸ்சேஞ்ச் 2013-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2023 ஏப்ரல் 11. அதாவது எனக்கு விற்கும்போதே அதற்கு ஆதரவு முடிந்து இரண்டு மாதம். விண்டோஸுக்கும் அதே ஆண்டு அக்டோபர் 10-உடன் முடிந்தது. அதன் பிறகு பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் வழக்கமான அப்டேட் வராது. வாடிக்கையாளர்களின் ஐசி (அடையாள அட்டை) எண், சம்பள விவரம் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. இதை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மின்னஞ்சல் தொல்லை முதலிலேயே தொடங்கியது. நாங்கள் அனுப்பும் கடிதங்கள் வாடிக்கையாளர்களின் ஸ்பேம் பெட்டியில் விழுந்தன. சாதாரண பிராட்பேண்ட் லைனில் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் நம் லைனுக்கான எண், மாறிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணைத் திருப்பித் தேடினால் நம் டொமைன் பெயர் (மின்னஞ்சலில் @-க்குப் பின் வருவது) வராது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வரும் கடிதத்தை மற்ற சர்வர்கள் நம்புவதில்லை. 2024 பிப்ரவரியில் ஜிமெயில் விதிகளை இறுக்கியது. கடிதம் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இல்லாத கடிதங்களுக்கு இடமில்லை என்றது. எங்களுக்கு இரண்டுமே போட்டிருக்கவில்லை. ஆவணம் கேட்டு நாங்கள் அனுப்பியவை கொத்துக் கொத்தாகத் திரும்பி வந்தன. அந்தத் தம்பியைக் கூப்பிட்டால், "உங்க லைன்தான் பிரச்சினை" என்பார்.

அப்புறம் ஏப்ரல். மாலையானால் இடி மின்னல் என்று கேஎல்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் கரண்டு இரண்டு முறை விட்டு விட்டு வந்தது. கரண்டு போனால் தாங்கிப் பிடிக்கும் யுபிஎஸ் பேட்டரி கிடையாது. மறுநாள் காலை கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும். உள்ளே ஒரு டிஸ்க் டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

இன்வாய்ஸில் "இரண்டு 2 டிபி டிஸ்க், ரெய்டு 1" என்று இருந்தது. ரெய்டு 1 என்றால் ஒரு டிஸ்கில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும். ஒன்று போனாலும் வேலை நிற்காது. பழுது பார்க்கக் கொடுத்த கடையில் திறந்து பார்த்தவர், "இது ரெய்டு 0-ங்க" என்றார். ஒவ்வொரு ஃபைலையும் துண்டாக்கி இரண்டு டிஸ்கிலும் பிரித்து வைப்பது. ஒன்று செத்தால் எல்லாம் போச்சு. முதல் நாளிலேயே எனக்குத் தெரிந்திருக்கலாம்: ரெய்டு 1 என்றால் திரையில் மொத்த இடம் சுமார் 1.8 டிபிதான் காட்டும். எங்களுக்கு 3.6 காட்டியது. இடம் நிறைய இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டோம்.

பின்னால் சொருகியிருந்த யுஎஸ்பி டிஸ்க்தான் பேக்கப். அது நவம்பரிலேயே நிரம்பி நின்றுவிட்டது. அந்த எச்சரிக்கைச் செய்திகள் அவருடைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன, எங்களுக்கு அல்ல.

தனிநபர் வருமான வரிக்கான பிஇ பாரத்தை மின்வழி அனுப்ப மே 15 வரைதான் அவகாசம். மீட்க 4,500 ரிங்கிட் செலவழித்தும் அந்த ஆண்டின் வேலைத்தாள்கள் வரவில்லை. அலுவலகப் பிள்ளைகள் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து ரசீதுகளைத் திரும்பவும் அடித்தார்கள். வரிக் கணக்குகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். எங்களை நம்பிக் கொடுத்தவர்களின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மின்னஞ்சலை வெளியே மாற்றப் போனபோதுதான் டொமைன் அவருடைய கணக்கில், அவர் பெயரில் இருப்பது தெரிந்தது. விடுவிக்க 1,200 ரிங்கிட் கேட்டார். விசிட்டிங் கார்டு முதல் வெளிப் பலகை வரை அந்த முகவரிதான். கட்டினோம்.

இப்போது ஃபைலுக்கு இரண்டு டிஸ்க் உள்ள சின்ன நாஸ் (அலுவலக நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் வைக்கும் பெட்டி), கூடவே யுபிஎஸ். இரண்டு யுஎஸ்பி டிஸ்க் மாறி மாறி. ஒன்று எப்போதும் என் வீட்டில் இருக்கும். மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு பழைய லெட்ஜரைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்கிறோம். மின்னஞ்சல் ஆளுக்கு மாதக் கட்டணத்தில் வெளியே. எட்டுப் பேர் உள்ள அலுவலகம் சொந்தமாக மெயில் சர்வர் வைத்துக்கொள்ளவே கூடாது என்பது என் முடிவு.

தோழியிடம் மூன்று விஷயம் கேட்கச் சொன்னேன். மென்பொருளின் ஆதரவு எந்தத் தேதி வரை? டொமைனும் அட்மின் பாஸ்வர்டும் யார் கையில்? உங்கள் கண் முன்னால் ஒரு ஃபைலை அழித்துவிட்டு பேக்கப்பிலிருந்து மீட்டுக் காட்டுவாரா? "அதெல்லாம் செட்டப் முடிஞ்ச பிறகு பாத்துக்கலாம்" என்றாராம். தோழி முன்பணம் கொடுக்கவில்லை.

இதே மாதிரி கொட்டேஷன் கையில் இருந்தால், கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.