ஒரே வீட்டில் இரண்டு கட்டி

ஒரே வருடத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஸ்கான் றிப்போட் வந்தது. சின்னம்மாவுக்கு 59 வயது. சூலகத்தில் 6 சென்ரிமீற்றர் கட்டி, இரத்தத்தில் சிஏ-125 (சூலகப் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு புரதம்) அளவு 28. தங்கச்சிக்கு 29 வயது; 4.5 சென்ரிமீற்றர், சிஏ-125 62. 35க்குக் கீழே இருந்தால் சரி என்று தாளிலேயே அச்சடித்திருந்தபடியால் வீடு முழுக்கத் தங்கச்சியைப் பார்த்துத்தான் அழுதது. நல்லூரானுக்கு நேர்த்தி வைத்ததும் சின்னம்மாதான், அவளுக்காக. கடைசியில் ஒப்பரேசன் தியேட்டருக்குள் போனது சின்னம்மா.

எங்கட ஆக்கள் முதலில் கேட்பது "எவ்வளவு பெரிசு?" என்றுதான். தேசிக்காய் அளவோ, தோடம்பழம் அளவோ? கேட்க வேண்டியதுதான். ஆனால் அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு: கட்டிக்குள் என்ன இருக்கிறது, மாதவிடாய் நின்றுவிட்டதா.

டொக்டர் றிப்போட்டின் பின்பக்கத்தில் பேனையால் கணக்குப் போட்டுக் காட்டினார். சின்னம்மாவின் கட்டிக்குள் பல அறைகள், ஒரு பக்கம் திண்மமான பகுதி. இப்படி இரண்டு அடையாளம் இருந்தால் ஸ்கானுக்கு 3 புள்ளி. மாதவிடாய் நின்றதற்கு 3. இரண்டையும் பெருக்கி, சிஏ-125 அளவான 28ஆலும் பெருக்க 252. 200ஐத் தாண்டினால் சும்மா விடமாட்டார்கள். தங்கச்சியுடையது ஒரே அறை, உள்ளே பழைய இரத்தம், எண்டோமெற்றியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) கட்டி. ஸ்கானுக்குப் பூச்சியம். பூச்சியத்தால் 62ஐப் பெருக்கினால் என்ன வரும்? ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை, அவசரமில்லை, அவ்வளவுதான். சிஏ-125 எண்டோமெற்றியோசிஸில் ஏறும், ஃபைப்ரோயிட் என்ற கருப்பைத் தசைக் கட்டியில் ஏறும், மாதவிடாய் நாட்களில் ஏறும், வயிற்றுக் காசநோயிலும் ஏறும். இளவயதில் அந்த எண்ணை மட்டும் வைத்துப் பயப்படுவது வீண்.

வெட்டினால் தங்கச்சிக்கு இழப்பும் உண்டு. கலியாணம் முடிந்து ஒரு வருடம், பிள்ளை வேணும். இந்த வகைக் கட்டியை உரித்தெடுக்கும்போது ஒட்டியிருக்கும் நல்ல சூலகத் திசுவும் கொஞ்சம் போகும். முட்டைகளின் கையிருப்புக் குறையும். ஆகவே காத்திருத்தல். 2019இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றில், ஸ்கானில் சாதுவாகத் தெரிந்த கட்டியுள்ள 1,919 பெண்களை வெட்டாமல் பின்தொடர்ந்தார்கள். இரண்டு வருடத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கட்டி தானாக மறைந்தது. புற்றுநோய் 0.4 வீதம், சூலகம் முறுக்கிக்கொண்டது 0.4 வீதம். சாதாரண நீர்க்கட்டி என்றால் இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுற்றிலேயே பெரும்பாலும் போய்விடும். கருத்தடைக் குளிசை போட்டால் கெதியாகக் கரையும் என்பது சரியல்ல. சின்னம்மாவின் வயதிலும்கூட ஒற்றை அறை, 5 சென்ரிமீற்றருக்குள், சிஏ-125 சரி என்றால் 4 முதல் 6 மாதத்தில் மறுபடி ஸ்கான் எடுக்கத்தான் சொல்வார்கள்.

ஆனால் இது திகதி போட்ட வேலை. கிளினிக் கொப்பியைத் தொலைக்கிற ஆள், "இப்ப நோ இல்லைத்தானே" என்று அடுத்த ஸ்கானைத் தள்ளிவைக்கிற ஆள் இந்த வழிக்குச் சரிவராது என்பது என் எண்ணம். முறுக்கு அரிதுதான், வந்தால் மணிக்கணக்கில் சூலகமே போய்விடும். ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று தாங்கமுடியாத குத்தும் சத்தியும் வந்தால் நடுச்சாமமானாலும் ஓட வேண்டும்.

சின்னம்மா பயந்தது வலிக்கல்ல. "கத்தி பட்டாப் பரவிப்போமெண்டு சொல்லுகினம்" என்றார். அந்தப் பேச்சில் துளி உண்மை உண்டு. சந்தேகமான கட்டி வயிற்றுக்குள் உடைந்தால் உள்ளிருப்பது சிந்திப் பரவலாம். அதனால்தான் ஊசி குத்தி நீரெடுக்காமல், சிறு துளை லாப்பரஸ்கோப்பியும் வேண்டாமென்று, வயிற்றை நெடுக்காகத் திறந்து கட்டியை உடையாமல் எடுத்தார்கள். மற்றச் சூலகமும் கருப்பையும் சேர்ந்தே போனது. புற்றுநோய் ஆஸ்பத்திரி இருப்பதால் தெல்லிப்பளை என்ற பேரைக் கேட்டாலே இங்கே பலருக்கு முகம் கறுக்கும். ஆனாலும் இப்படியான கட்டியைப் புற்றுநோய் பழகிய சத்திரசிகிச்சை நிபுணரிடம் கொடுப்பதுதான் புத்தி.

மூன்று கிழமையில் பயொப்சி றிப்போட் வந்தது. புற்றுநோய் இல்லை. சின்னம்மா தழும்பைத் தடவிக்கொண்டு கேட்டார்: "அப்ப சும்மாதான் வெட்டினவையோ?"

252 எழுதிய தாளை எடுத்துக் காட்டினேன். வெட்டிப் பார்க்கும்வரை இது ஒருத்தருக்கும் தெரியாதே என்றேன். அவர் சமாதானமாகவில்லை. தங்கச்சிக்கு அடுத்த ஸ்கான் கார்த்திகையில்.