நாலு அதிகாரம்: மெக்ஷேன் அட்டவணையோடு மூன்று வருஷம்

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். டிசம்பர் பிறந்தால் எங்களுக்கு வாக்குத்தத்த அட்டை சீசன். புது வருஷ ஆராதனையில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளும் அந்தச் சின்ன அட்டைகளை ஒரு தாளுக்கு 24 வீதம் அடித்து வெட்டிக் கொடுப்போம். எல்லாமே ஆசீர்வாத வசனங்கள். "உங்கள் பாவம் உங்களைத் தொடர்ந்து பிடிக்கும்" என்று ஒரு அட்டை அடிக்கச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது, எண்ணாகமத்தில்.

அப்படி ஒரு டிசம்பரில் ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவர் பழுப்பேறிய ஆங்கிலத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து ஐந்து பிரதி கேட்டார். வருஷத்தின் எல்லா நாளும் வரிசையாக, ஒவ்வொரு நாளுக்கும் நேரே நாலு பத்தியாக, வாசிக்கவேண்டிய நாலு வேத அதிகாரம். மேலே மெக்ஷேன் என்று பெயர். கேட்டுக்கொண்டு எனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். இந்த விமர்சனம் அந்தத் தாளைப் பற்றித்தான். விலை கிடையாது, இணையத்தில் எங்கும் கிடைக்கிறது, வேத ஆப்களிலும் இருக்கிறது.

ராபர்ட் மர்ரே மெக்ஷேன் ஸ்காட்லாந்துக்காரர். டண்டீ நகரத்தில் தூய பேதுரு ஆலயத்தின் போதகர். 1842 கடைசியில், வருகிற வருஷம் சபையார் எல்லோரும் ஒரே நாளில் ஒரே பகுதியை வாசிக்கட்டும் என்று இதைத் தயாரித்தார். முதல் இரண்டு பத்தி குடும்ப ஜெபத்துக்கு, அடுத்த இரண்டும் தனி ஜெபத்துக்கு. வருஷம் முடியும்போது பழைய ஏற்பாடு ஒரு தரம், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தரம் முடிந்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மொத்தம் 1,599 அதிகாரம். 365ஆல் வகுத்தால் நாலுக்குக் கொஞ்சம் மேலே. அதனால் சில நாட்களில் ஒரே பத்தியில் இரண்டு அதிகாரம் வரும். என் வேகத்துக்கு மனதுக்குள் வாசித்தால் 25 நிமிஷம். சத்தமாக வாசித்தால் இட்லி வேகிற நேரம் போதாது, இரண்டு ஈடு வேண்டும்.

நாலு புத்தகத்தை ஒரே நேரத்தில் வாசித்தால் குழம்பாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இதன் ருசியே அங்கேதான். ஜனவரி 1ஆம் தேதி ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. நாலும் தொடக்கங்கள்: உலகம் உண்டாகிறது, இயேசு பிறக்கிறார், பாபிலோனில் கிடந்த ஜனங்கள் ஊர் திரும்பப் புறப்படுகிறார்கள், சீஷர்கள் எருசலேமில் காத்திருக்கிறார்கள். ஜனவரி 9 இன்னும் அழகு. மத்தேயு 9இல் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த மத்தேயுவை இயேசு கூப்பிடுகிறார், அவன் எழுந்து போகிறான். அப்போஸ்தலர் 9இல் தமஸ்குவுக்குப் போகும் வழியில் சவுல் கீழே விழுகிறான். ஒருவனுக்கு ஒரு வார்த்தை போதும், இன்னொருவனுக்கு மூன்று நாள் கண் தெரியாமல் போக வேண்டியிருக்கிறது. அதே நாளில் ஆதியாகமம் 9இல் நோவா குடித்துவிட்டுக் கூடாரத்தில் கிடக்கிறார். எஸ்றா 9இல் எஸ்றா வெட்கத்தில் தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறார். மெக்ஷேன் யோசித்துத்தான் இப்படிச் சேர்த்தாரா, அதிகாரங்கள் ஓடுகிற ஓட்டத்தில் தானாக அமைந்ததா, தெரியாது. கடையில் ஆள் வராத நேரத்தில் இப்படி எதை எதோடு முடிச்சுப் போடலாம் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன்.

குறைகளையும் சொல்லவேண்டும். முதல் குறை என்னுடையது. தமிழில் நானே டைப் அடித்து, நாளுக்கு நாலு சின்னக் கட்டம் போட்டு, சபையில் பதினைந்து பேருக்குக் கொடுத்தேன். ஜனவரி 1க்கு எஸ்றா என்று அடிக்கவேண்டிய இடத்தில் எஸ்தர் என்று அடித்து, அதை அப்படியே பத்து நாளுக்கும் இழுத்துவிட்டேன். இரண்டு புத்தகத்துக்கும் பத்தே அதிகாரம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 24ஆம் தேதி காலையில் ஒரு தங்கச்சி போன் பண்ணினாள்: "ஏக்கா, எஸ்தர் திரும்பவும் வருதே, ரெண்டு தரம் வாசிக்கணுமா?" பதினைந்து பேரில் இருபத்து மூன்று நாள் கழித்துக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். மற்ற பதினாலு பேரும் வாசித்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கும் இல்லை, அதை அப்புறம் சொல்கிறேன்.

அட்டவணையின் குறை ஏப்ரல் மாதம். மார்ச் கடைசியில் லேவியராகமம் தொடங்கும். கத்திரி வெயில் நெருங்குகிற நேரத்தில் குஷ்டரோகத்தின் நிறம், வீட்டுச் சுவரில் பிடிக்கிற பூசணம், எந்த ஈரலை எந்தக் கொழுப்போடு எரிக்கவேண்டும் என்று போகும். அதைத் தாண்டினால் எண்ணாகமம் 7. அதில் 89 வசனம். பன்னிரண்டு பிரபுக்கள் அதே காணிக்கையை அதே எடையில் கொண்டுவருவது பன்னிரண்டு தரம் அப்படியே எழுதியிருக்கும். எங்கள் தொழிலில் அதற்கு காப்பி-பேஸ்ட் என்று பெயர். ஒரே ஆறுதல், ஏப்ரல் 1 முதல் இரண்டாவது பத்தியில் சங்கீதம் வந்துவிடும். எனக்கு அதுதான் கைத்தாங்கல். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் இந்த மாதத்தில்தான் நின்றுபோகிறார்கள்.

ஆப்பில் வாசிக்கலாமா என்றால், எனக்குச் சரிப்படவில்லை. நான் போட்டிருந்த ஆப் ஒரு நாள் விட்டாலும் சிவப்பில் எண் காட்டும். ஒரு தரம் டெங்கு காய்ச்சலில் படுத்திருந்தபோது, "நீங்கள் 9 நாள் பின்தங்கியிருக்கிறீர்கள்" என்று வந்தது. அன்றைக்கே அதை எடுத்துவிட்டேன்.

ஆனால் தாளும் என்னைக் கெடுக்கத்தான் செய்தது. முதல் வருஷம் அந்தக் கட்டங்களில் டிக் அடிக்கிறதில் எனக்கு வெறியே வந்துவிட்டது. கடை திறக்கிற அவசரத்தில் மேலோட்டமாகக் கண்ணை ஓட்டி நாலு டிக். சில நாள் வாசிக்காமலே டிக், ராத்திரி வாசித்துக்கொள்ளலாம் என்று. ராத்திரி வாசிக்கவில்லை. அத்தைக்குக் கண்புரை, அதனால் குடும்பப் பத்தி இரண்டையும் நான்தான் சத்தமாக வாசிப்பேன். ஒரு நாள் அவர்கள் கேட்டார்கள்: "ஏ பிள்ளே, நீ வேதம் வாசிக்கியா, கணக்கு எழுதுதியா?" எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு வாசித்தது என்ன என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது.

இதில் வேடிக்கை, மெக்ஷேன் இதையெல்லாம் முன்பே எழுதிவைத்துவிட்டார். அட்டவணைக்கு முன்னால் அவரே நாலு ஆபத்துகளைச் சொல்கிறார்: வாசிப்பு வெறும் சடங்காகலாம், பங்கை முடித்துவிட்டேன் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓடலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம். அப்படிப் பாரமானால் கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு விருப்பம்போல் மேயுங்கள் என்கிறார். தான் தயாரித்ததைத் தானே தூக்கிப்போடச் சொல்கிறவரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. வாத்தியார் கொண்டுவந்த தாளில் அந்த முன்னுரை இல்லை, வெறும் அட்டவணைதான். இணையத்தில் எடுக்கிறவர்கள் முன்னுரையோடு தேடி எடுங்கள்.

இரண்டாவது வருஷம் மெதுவாகப் போனேன். பிப்ரவரி 1க்கு ஆதியாகமம் 33. யாக்கோபும் ஏசாவும் இருபது வருஷம் கழித்துச் சந்திக்கிற அதிகாரம், பிரசங்கத்தில் நூறு தரம் கேட்டது. ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுகிறான். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். கீழே வாசித்தால், "என்னோடு வா" என்று ஏசா கூப்பிடுகிறான். "பிள்ளைகள் இளசு, ஆடுமாடுகள் கறவை, நீங்கள் முன்னே போங்கள், நான் சேயீருக்கு வந்து சேருகிறேன்" என்கிறான் யாக்கோபு. ஏசா சேயீருக்குப் போகிறான். யாக்கோபோ சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொள்கிறான்.

எனக்கும் எங்கள் அண்ணனுக்கும் அப்பா வைத்துவிட்டுப்போன பனைவிளை விஷயமாக ஆறு வருஷம் பேச்சில்லை. அதற்கு முந்தைய வருஷம் ஒரு கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் பேசிக்கொண்டோம். "ஊருக்கு வா" என்றான். "பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், வாறேன்" என்றேன். பரீட்சை முடிந்து பத்து மாதம் ஆகியிருந்தது. சுக்கோத்து என்ற வார்த்தையில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மற்ற மூன்று பத்தியும் வாசிக்கவில்லை. உடனே போகவும் இல்லை. மே மாதம்தான் மெஞ்ஞானபுரம் பஸ் ஏறினேன். பனைவிளையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை, அது இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. மதினி கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். வரும்போது ஒரு சிப்பம் கருப்பட்டியும் கட்டிக் கொடுத்தாள்.

டைப் அடிக்கும்போது கவனித்த ஒன்றையும் சொல்லவேண்டும். மெக்ஷேன் 1843 மார்ச் 25ஆம் தேதி டைபஸ் காய்ச்சலில் இறந்துபோனார். வயது 29. தான் போட்டுக்கொடுத்த அட்டவணையில் மூன்று மாதம்கூட அவர் முடிக்கவில்லை. அந்தத் தேதிக்கு நேரே இருப்பது யோவான் 15, திராட்சச்செடியும் கொடிகளும். சபையார் அந்த சனிக்கிழமை அதை எப்படி வாசித்திருப்பார்களோ!

யாருக்கு ஆகும்? ஏற்கெனவே வேதம் வாசிக்கிற பழக்கம் இருந்து, தெரிந்த சங்கீதங்களையே சுற்றிச் சுற்றி வருகிறவர்களுக்கு நன்றாக ஆகும். முதல் தரம் வேதத்தைக் கையில் எடுக்கிறவர்கள் இதில் இறங்கவேண்டாம். மாற்கு சுவிசேஷத்தை மட்டும் வாசியுங்கள், 16 அதிகாரம்தான். நாலும் முடியாதவர்கள் முதல் வருஷம் குடும்பப் பத்தி இரண்டு, அடுத்த வருஷம் தனி ஜெபப் பத்தி இரண்டு என்று எடுத்துக்கொண்டு இரண்டு வருஷத்தில் முடிக்கலாம். எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் போகிறார், இன்னும் ரூத்தில் நிற்கிறார்.

இந்த வருஷம் எனக்கு அடித்துக்கொண்ட தாளில் டிக் கட்டங்களை எடுத்துவிட்டேன். கட்டம் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு அதுவும் வைத்திருக்கிறேன். எஸ்றா திருத்திய பதிப்பு, முன்பின் இரண்டு பக்கம், லேமினேஷன் மட்டும் தனிக் காசு.