555 புத்தகத்தில் எழுதிய கொட்டேஷனை நம்பி 20,000 வெள்ளி கொடுத்தோம்

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் குசினியை, அதாவது சமையலறையை, இழுத்துக் கட்டப் போகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஆள் பெயரைப் போடப் போவதில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை.

எங்களுடையது வரிசை வீடு. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்தபோது மாமனார் வாங்கியது. பின்பக்கம் அவரே பலகையும் தகரமும் வைத்து இழுத்த குசினி முப்பது வருஷம் தாங்கியது. என் வீட்டுக்காரருக்கு 55 வயதாகி சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், அதை இடித்துக் கல் குசினியாக்கி, ஒட்டினாற்போல் ஒரு குளியலறையும் கட்டிவிடலாம் என்று முடிவெடுத்தோம். இது 2024 ஜூலை. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31. மூன்று மாதம் தாராளம் என்று நினைத்தோம்.

முதலில் வந்து பார்த்தவர் ஒரு சீனத் தவுக்கே, கட்டட வேலை எடுக்கும் முதலாளி. 27,000 வெள்ளி (ரிங்கிட்) என்றார். டைப் அடித்த தாளில் எந்தக் கட்டத்தில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்றெல்லாம் போட்டிருந்தார். அதிகமாகப் பட்டது. அப்புறம்தான் கட்டட வேலை எடுக்கும் இந்தத் தம்பி வந்தான். அவன் அப்பாவும் என் மாமனாரும் ஒரே மண்டோரின் (கங்காணியின்) கீழ் பால்மரம் வெட்டியவர்கள். வந்தவன் மாமனார் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றான். காப்பி குடித்தான். "அக்கா, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, தீபாவளிக்கு முறுக்கு புது அடுப்புலதான்" என்றான். சட்டைப் பையிலிருந்து 555 புத்தகத்தை, கடைகளில் கடன் கணக்கு எழுதும் அந்தச் சின்ன நோட்டை, எடுத்து நாலு வரி எழுதினான்: குசினி, பாத்ரூம், புல் சாமான், 22 ஆயிரம். அவ்வளவுதான் கொட்டேஷன். எந்த டைல்ஸ், எத்தனை பிளக், தண்ணீர்க் குழாய் யார் செலவு, ஒன்றும் இல்லை.

என் மகள் மட்டும், "கம்பெனி பேரு என்ன அங்கிள்? ரெஜிஸ்டர் பண்ணியிருக்கா?" என்று கேட்டாள். வீட்டுக்காரர் அவளை முறைத்தார். அவன் போன பிறகு, "நம்ம பையன்கிட்ட போய் பேப்பர் கேக்கிறியா?" என்று ஒரு சத்தம். நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. நல்லவேளை, மகள் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தாள்.

முதல் 10,000 ரொக்கம். பழைய குசினியை இரண்டே நாளில் இடித்துத் தள்ளினார்கள். செங்கல் நெஞ்சு உயரம் வந்ததும் இன்னொரு 6,000, அதுவும் ரொக்கம். பிறகு ஒரு நாள், டைல்ஸ் மலிவு விற்பனையில் இருக்கிறது, இன்றே எடுத்தால்தான் உண்டு, 4,000 போடுங்கள் என்று போன். "என் அக்கவுண்டுல கொஞ்சம் பிரச்சினை அக்கா, வைஃப் அக்கவுண்டுல போட்டுடுங்க." போட்டோம். 22,000இல் 20,000 போய்விட்டது. வேலை பாதிகூட ஆகவில்லை.

அதற்குள் நடந்த கூத்துகளைச் சொல்கிறேன். சுவரை உடைக்கும்போது பழைய தண்ணீர்க் குழாயை ஓட்டை போட்டார்கள். மேலே சிமெண்டு பூசி மறைத்தும் விட்டார்கள். அடுத்த மாதம் தண்ணீர் பில் மூன்று மடங்கு. வீட்டிலுள்ள எல்லா பைப்பையும் மூடிவிட்டு மீட்டரைப் போய்ப் பார்த்தேன், சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வேலை நடக்கிற வீட்டில் வாரம் ஒரு தடவையாவது இப்படிப் பாருங்கள், காசு செலவில்லாத சோதனை. இன்னொரு நாள் வாசலில் இறக்கிய சிமெண்டு மூட்டைகளை எண்ணினேன், பதினெட்டு. மறுநாள் காலை ஒன்பது. சுவர் ஒரு வரிசைகூட ஏறவில்லை. கேட்டதற்கு, "அவசரத்துக்கு வேற சைட்டுக்கு எடுத்தேன், திருப்பி வந்துரும்" என்றான். மிச்ச ஒன்பதை மண் தரையிலேயே மழையில் விட்டதில் நான்கு மூட்டை கல்லாகிவிட்டது. என் பணத்தில் யார் வீட்டுச் சுவரோ ஏறுகிறது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மெஜ்லிஸ் (ஊராட்சி மன்ற) அனுமதியைப் பற்றிக் கேட்டபோது, "பின்னாடிதானே அக்கா, எல்லாரும் இப்படித்தான் கட்டுறாங்க" என்றான். பின்பக்கம் இழுத்துக் கட்டவும் பிளான் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் அது வீட்டுச் சொந்தக்காரர் பெயருக்குத்தான் வரும், கட்டுகிற குத்தகைக்காரன் பெயருக்கு வராது. எங்களுக்கு வந்தது.

செப்டம்பர் கடைசியோடு ஆள் வருவது நின்றது. வேலைக்கு வைத்த பங்களாதேஷ் பையனுக்குப் பெர்மிட் பிரச்சினை, லோரி பிரேக் டவுன், மாமியாருக்குக் கருமாதி. வாட்ஸ்ஆப்பில் நீலக் குறி விழும், பதில் வராது. அக்டோபர் நாலு மணி மழையைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புதுக் கூரை பழைய சுவரோடு சேரும் இடத்தில் தண்ணீர் கொடகொடவென்று உள்ளே இறங்கி, நேராக பிளக் மேலேயே வழிந்தது. அந்தத் தீபாவளிக்கு முறுக்கைப் பக்கத்து வீட்டு அடுப்பில்தான் சுட்டேன்.

பொங்கலுக்குப் பிறகு வேறு ஒரு பெரியவரைக் கூட்டிவந்தோம். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு 50 சென் காசை எடுத்துத் தரையை ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போனார். ஒழுங்காக ஒட்டியது 'டிக்' என்றது. எங்களுடையதில் பாதிக்கு மேல் 'டொக் டொக்' என்று காலி டின் மாதிரி சத்தம். ஒன்றைப் பெயர்த்துக் காட்டினார். நாலு மூலையிலும் நடுவிலும் இட்லி இட்லியாக ஐந்து உருண்டை சிமெண்டு, மற்ற இடமெல்லாம் வெற்றிடம். உள்ளே எறும்பு குடிவந்திருந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். வடிகால் ஓட்டைக்குப் போக வேண்டிய தண்ணீர் திரும்பி அரிசி டிரம் பக்கம் வந்தது. கூரை சேரும் இடத்தில் சுவரைக் காடி வெட்டி, தகரத்தை மடித்து உள்ளே செருகிப் பூச வேண்டுமாம். இவன் வெறும் சிலிக்கோன் தடவிவிட்டுப் போயிருக்கிறான். குளியலறையில் டைல்ஸ் ஒட்டும் முன் வாட்டர்ப்ரூஃப் பூசி, தண்ணீர் தேக்கி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும்.

பயந்தது வயரிங்கைப் பார்த்துத்தான். வாட்டர் ஹீட்டருக்கு விளக்குக்கு இழுக்கும் மெல்லிய 1.5 வயரைப் போட்டிருந்தான். என் பேரன் குளிக்கிற இடம் அது. எலக்ட்ரிக் வேலைக்கு வருகிறவர் சுருஹான்ஜாயா தெனாகாவில், அதாவது எரிசக்தி ஆணையத்தில், பதிந்தவரா என்று கேளுங்கள். கோபப்பட்டால் படட்டும்.

சரிசெய்ய 8,600 ஆனது. ஆக மொத்தம் 28,600. தவுக்கே கேட்டது 27,000.

போலீசில் புகார் கொடுத்தோம், சிவில் விவகாரம் என்றார்கள். மகளின் தோழி ஒருத்தி பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைக் கேட்கச் சொன்னாள், அங்கே தமிழிலேயே பேசலாம். கடைசியில் போனது பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு, அதாவது திரிபுனல் துந்துத்தான் பெங்குனாவுக்கு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டியதில்லை, மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். போராங் 1 என்ற பாரத்தை மகள் இணையத்திலேயே நிரப்பினாள்.

சிக்கல் அங்கேதான். எதிராளியின் பெயர், முகவரி கேட்டார்கள். அவன் கொடுத்த கார்டில் இருந்த கம்பெனிப் பெயரை, கம்பெனிகளைப் பதியும் எஸ்.எஸ்.எம்.மில் தேடினால் அப்படி ஒன்றே இல்லை. ரொக்கமாகக் கொடுத்த 16,000க்கு ரசீது இல்லை. கைகொடுத்தது மூன்று: 555 புத்தகப் படம், மனைவி கணக்குக்குப் போன 4,000, அப்புறம் "அக்கா, 16 வாங்கினேன், மீதியை முடிச்சுத் தர்றேன்" என்று அவனே அனுப்பிய ஒரு குரல் பதிவு. அதை அழிக்காமல் வைத்திருந்தது என் அதிர்ஷ்டம்.

ஈப்போவில் விசாரணை. ஆள் வந்தான், வெள்ளைச் சட்டையில். என்னைப் பார்த்து "எப்படி இருக்கீங்க அக்கா?" என்று கேட்டான் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்குக் கண் கலங்கியது. 6,000 திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டான், மாதம் 1,000 வீதம் ஆறு மாதம். அதையே தீர்ப்பாகப் பதிவு செய்தார்கள். தீர்ப்பை மீறுவது குற்றம் என்று அவனிடம் விளக்கியும் சொன்னார்கள்.

இரண்டு தவணை வந்தது. மூன்றாவது 15ஆம் தேதி வர வேண்டியது. இன்று 23. வீட்டுக்காரர் இன்னும், "அவன் அம்மா முகத்துக்காகவாவது ஒரு வாரம் பொறு" என்கிறார். திங்கட்கிழமை ஈப்போ போகும் காலை பஸ்ஸில் நான் இருப்பேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.