வேர்ட்பிரஸ் தானாக அப்டேட் ஆகவில்லையா? கோப்பு அனுமதிச் சிக்கலுக்குச் சொல்லப்படும் தீர்வுகள், ஓர் அலசல்

2013 அக்டோபரில் வேர்ட்பிரஸ் 3.7 வந்ததிலிருந்து சிறு பதிப்புகளும் பாதுகாப்புத் திருத்தங்களும் பின்னணியில் தானாகவே ஏறிக்கொள்கின்றன. 2020-இல் 5.5 வந்தபோது பிளகின்களுக்கும் தீம்களுக்கும் அந்த வசதி டாஷ்போர்டுக்கே வந்துவிட்டது. இவ்வளவும் ஒரே ஒரு விஷயத்தை நம்பித்தான் நடக்கிறது: வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி சர்வரில் எந்த யூசராக ஓடுகிறதோ, அந்த யூசரால் தளத்தின் கோப்புகளில் எழுத முடிய வேண்டும். முடியாவிட்டால் அப்டேட் நின்றுவிடும். தளம் மட்டும் வழக்கம்போலத் திறந்துகொண்டே இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 26 அன்று 4.7.2 வெளியானது. லாகின் செய்யாமலேயே பதிவுகளைத் திருத்திவிடக்கூடிய ஓர் ஓட்டை ரெஸ்ட் ஏபிஐயில் (வெளி நிரல்கள் தளத்தோடு பேசும் வழி) இருந்ததை வேர்ட்பிரஸ் குழு சில நாள் கழித்துத்தான் வெளியில் சொன்னது. தானியங்கி அப்டேட் முடிந்தவரை எல்லாத் தளங்களுக்கும் போய்ச் சேரட்டும் என்பதற்கான அவகாசம் அது. போய்ச் சேராத தளங்கள் அடுத்த சில நாட்களில் கும்பல் கும்பலாகச் சிதைக்கப்பட்டன.

சிக்கல் அனுமதியில்தான் என்று எப்படித் தெரியும்? அறிகுறிகள் மூன்று விதமாக வரும். அப்டேட் பொத்தானை அழுத்தினால் எஃப்டிபி (சர்வருக்குக் கோப்புகளை அனுப்பும் முறை) யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வரலாம். சில கோப்புகளை நகலெடுக்க முடியவில்லை, அனுமதிகள் ஒரே சீராக இல்லாததே பெரும்பாலும் காரணம் என்ற செய்தி வரலாம். அல்லது அப்டேட் தோற்றது என்று நிர்வாகியின் மெயிலுக்குத் தகவல் வரலாம். டூல்ஸ் மெனுவில் உள்ள சைட் ஹெல்த் பக்கத்தின் தகவல் பிரிவைத் திறந்தால் எந்தெந்த ஃபோல்டரில் எழுத முடிகிறது, எதில் முடியவில்லை என்று தனித்தனியாகக் காட்டும். முதலில் அங்கே பாருங்கள்.

அடுத்து சர்வருக்குள் போய் பிளகின் ஃபோல்டரை எல்எஸ் கட்டளையின் விரிவான வடிவில் பட்டியலிடுங்கள். முதல் பத்தியில் (நெடுவரிசையில்) அனுமதி எழுத்துகள் இருக்கும். எல்லோரும் அதையே உற்றுப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது மூன்றாவது பத்தியை, அதாவது உரிமையாளர் பெயரை. பத்துப் பிளகின்களில் எட்டு ஒரு யூசர் பெயரில் இருக்கும், ஒன்று ரூட் (சர்வரின் முழு அதிகாரம் உள்ள யூசர்) பெயரில் இருக்கும், இன்னொன்று வெப்சர்வர் யூசர் பெயரில் இருக்கும். எப்போதோ ஒருவர் ஜிப்பை ரூட்டாக இருந்து விரித்திருப்பார், அல்லது வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்க உதவும் டபிள்யூபி-சிஎல்ஐயை ரூட்டாக ஓட்டியிருப்பார். வேறு சர்வரிலிருந்து கொண்டுவந்த பேக்கப் பழைய யூசர் எண்களையே சுமந்துகொண்டு வந்திருக்கும். தளத்தைத் தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் டாக்கரில் இன்னொரு வகை உண்டு: வெப்சர்வர் யூசரின் எண் டெபியன் இமேஜில் 33, ஆல்பைன் இமேஜில் 82. இமேஜை மாற்றிவிட்டு, கோப்புகள் இருக்கும் பழைய வால்யூமை அப்படியே இணைத்தால் எல்லாக் கோப்புகளும் ஒரே நாளில் அந்நியர் சொத்தாகிவிடும்.

கோர் (வேர்ட்பிரஸின் அடிப்படை நிரல்) அப்டேட் ஆகிறது, ஒரு பிளகின் மட்டும் ஆகவில்லை என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு விளக்கம். கோர் அப்டேட் ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் புதியதை நகலெடுக்கிறது. அதற்கு அந்தக் கோப்பிலேயே எழுதும் அனுமதி வேண்டும். பிளகின் அப்டேட்டோ பழைய ஃபோல்டரை அகற்றிவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைக்கிறது. லினக்ஸில் ஒன்றை அழிப்பதற்கு அது இருக்கும் ஃபோல்டரில் எழுத முடிய வேண்டும். எனவே கோப்புகளின் அனுமதி சரியாக இருந்து ஃபோல்டரின் அனுமதி தவறாக இருந்தால் ஒன்று ஓடும், மற்றது நிற்கும்.

இனி தீர்வுகள்.

777 கொடுப்பது

தேடினால் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். அனுமதி எண்ணின் மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்களுக்கு உரியவை, 7 என்றால் முழு அனுமதி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. சர்வரில் உள்ள எந்த யூசரும், எந்த நிரலும் உங்கள் கோப்புகளை மாற்றலாம் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். பாதுகாப்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், பல சர்வர்களில் இது வேலைக்கே ஆகாது. வேர்ட்பிரஸ் எழுத முடிகிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, அதன் உரிமையாளரும் வேர்ட்பிரஸின் சொந்தக் கோப்புகளின் உரிமையாளரும் ஒருவரேதானா என்று ஒப்பிடுகிறது. ஒருவர் இல்லையென்றால் நேரடியாக எழுதும் முறையை விட்டுவிட்டு எஃப்டிபி விவரம் கேட்கத் தொடங்கிவிடும். அதனால்தான் 777 கொடுத்த பிறகும் அந்தப் பெட்டி வந்து நிற்கிறது. எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் ஆள் மாறவில்லையே.

டைரக்ட் முறையைக் கட்டாயப்படுத்துவது

வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பில் எஃப்எஸ்_மெத்தட் என்ற மாறிலிக்கு ‘டைரக்ட்’ என்று மதிப்புக் கொடுத்தால் மேலே சொன்ன உரிமையாளர் ஒப்பீடே நடக்காது. பெட்டி மறையும். ஆனால் எழுதும் அனுமதி உண்மையில் இல்லையென்றால் அப்டேட் அதே இடத்தில்தான் தோற்கும், கேள்வி கேட்காமல் தோற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். குழுவுக்கு எழுதும் அனுமதி கொடுத்து (ஃபோல்டருக்கு 775, கோப்புக்கு 664) இதையும் சேர்த்தால் ஓடும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு புதிய கோப்புகள் வெப்சர்வர் யூசர் பெயரில் பிறக்கும். பழையவை உங்கள் பெயரில் இருக்கும். எந்தக் கலப்படத்தால் சிக்கல் தொடங்கியதோ, அதே கலப்படத்தை நாமே ஊட்டி வளர்க்கிறோம்.

எல்லாவற்றையும் வெப்சர்வர் யூசருக்கு எழுதிக் கொடுப்பது

சிஎச்ஓன் கட்டளையால் தளம் முழுவதையும் வெப்சர்வர் யூசர் பெயருக்கு மாற்றுவது. இது வேலை செய்யும். ஒரே தளம், ஒரே நிர்வாகி, கோப்புகளைக் கையால் தொடும் பழக்கமே இல்லை என்றால் குறை சொல்ல அதிகமில்லை. ஒரே சர்வரில் நான்கு தளங்கள் இருந்தால் நான்குக்கும் ஒரே உரிமையாளர் ஆகிவிடுவார். ஒரு தளத்தில் ஓட்டை விழுந்தால் அதே பிஎச்பி மற்ற மூன்றின் கோப்புகளையும் மாற்றலாம். மேலும், எஸ்எஃப்டிபி வழியாக வேலை செய்பவருக்கு எழுதும் அனுமதி போய்விடும். அவர் அவசரத்துக்கு ரூட்டாக நுழைந்து ஒரு கோப்பை மாற்றுவார். மறுபடியும் கலப்படம்.

எஃப்டிபி விவரங்களைக் கொடுத்துவிடுவது

பின்னணி அப்டேட் நடக்கும்போது பாஸ்வேர்டு தட்ட ஆள் இருக்கமாட்டார்கள். எனவே கான்ஃபிக் கோப்பிலேயே அதை எழுதி வைக்க வேண்டும், மறைகுறியாக்கம் எதுவும் இல்லாமல். தளத்துக்குள் நுழைந்த எவரும் படிக்கக்கூடிய இடம் அது. ஆகவே பாதுகாப்பு கூடிவிட்டதாகச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கு வேறு தளங்களையும் தொடக்கூடியது என்றால் நிலைமை முன்பைவிட மோசம். சர்வர் அமைப்பில் கை வைக்கவே முடியாத பகிர்வு ஹோஸ்டிங்கில் வேறு வழி இல்லாதபோது மட்டும் இதை ஏற்கலாம்.

தளத்துக்கு ஒரு யூசர், யூசருக்கு ஒரு பிஎச்பி-எஃப்பிஎம் பூல்

உரிமையாளர் சிக்கலை வேரிலேயே சரிசெய்யும் வழி. பிஎச்பியை ஓட்டும் சேவைதான் பிஎச்பி-எஃப்பிஎம், அதில் தனி யூசராக ஓடும் ஒவ்வொரு பிரிவும் ஒரு பூல். கோப்புகளை வெப்சர்வரிடம் கொண்டுபோவதற்குப் பதிலாக, பிஎச்பியையே கோப்புகளின் உரிமையாளராக ஓட வைக்கிறோம். பூல் கான்ஃபிக்கில் யூசர், குழு என்ற இரண்டு வரிகளில் தளத்தின் யூசர் பெயரைப் போட வேண்டும். சாக்கெட்டின் உரிமையாளர் மட்டும் வெப்சர்வர் யூசராக இருக்கட்டும், இல்லாவிட்டால் வெப்சர்வரால் பிஎச்பியோடு பேசவே முடியாது, 502 பிழை வரும்.

இதன் பிறகு ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644 போதும். பாஸ்வேர்டுகள் இருக்கும் கான்ஃபிக் கோப்புக்கு 600 கூடக் கொடுக்கலாம், ஏனென்றால் அதைப் படிப்பவர் உரிமையாளரே. எஸ்எஃப்டிபியில் வருபவரும் அதே யூசர் என்பதால் கலப்படம் உருவாக இடமில்லை. ஒரு தளத்தில் நடக்கும் விபத்து பக்கத்துத் தளத்துக்குத் தாவாது. பல தளங்களை வைத்துப் பராமரிப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

குறை ஒன்று இருக்கிறது: தளம் தன் நிரலைத் தானே மாற்றிக்கொள்ள முடியும். ஒரு பிளகினில் ஓட்டை இருந்தால், நுழைந்தவரும் அதே அதிகாரத்தோடு பின்கதவு வைத்துவிட்டுப் போகலாம்.

வெளியிலிருந்து ஓட்டுவது

அந்தக் குறையையும் தீர்க்க வேண்டுமானால், இணையத்திலிருந்து வரும் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் பிஎச்பிக்கு நிரல் கோப்புகளைப் படிக்க மட்டுமே அனுமதி கொடுக்க வேண்டும். எழுத முடிந்த இடம் அப்லோட்ஸ் ஃபோல்டரும், தேவையானால் கேச் ஃபோல்டரும் மட்டும். நிரலுக்கு உரிமையாளர் வேறொரு யூசர். அப்டேட்டை அவர்தான், சர்வரின் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் வசதி) வழியாக, டபிள்யூபி-சிஎல்ஐ கொண்டு செய்வார்.

பலரும் இங்கே கோரையும் பிளகின்களையும் அப்டேட் செய்யும் கட்டளைகளை நேரடியாகக் கிரானில் போடுகிறார்கள். அதைவிட நல்ல முறை ஒன்று உண்டு. வேர்ட்பிரஸின் சொந்தக் கிரானைக் கான்ஃபிக்கில் நிறுத்திவிட்டு, நேரம் வந்த நிகழ்வுகளை ஓட்டும் டபிள்யூபி-சிஎல்ஐ கட்டளையை உரிமையாளர் யூசரின் கிரான்டேபில் போடுங்கள். இப்போது தானியங்கி அப்டேட்டரே அந்த யூசராக ஓடுகிறது. அது உருவாக்கும் தற்காலிகக் கோப்பும் வேர்ட்பிரஸ் கோப்புகளும் ஒருவர் பெயரில் இருப்பதால் ஒப்பீடு பொருந்திவிடும், டைரக்ட் முறை தானாகவே தேர்வாகும். எந்தப் பிளகின் தானாக ஏற வேண்டும் என்று டாஷ்போர்டில் நீங்கள் செய்த தேர்வுகள் அப்படியே மதிக்கப்படும், மெயில் தகவலும் வரும்.

இதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. டாஷ்போர்டிலிருந்து பொத்தானை அழுத்திப் பிளகின் சேர்க்க முடியாது. வாடிக்கையாளர்கள் அதற்குப் பழகியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சைட் ஹெல்த் பின்னணி அப்டேட் பற்றி எச்சரிக்கை காட்டும், ஏனென்றால் அது சோதிப்பது இணைய பிஎச்பியை. கிரான் வழியே உருவாகும் கேச் கோப்புகள் உரிமையாளர் யூசர் பெயரில் பிறப்பதால், கேச் ஃபோல்டரில் இரு யூசர்களுக்கும் பொதுவான குழு வேண்டும். பிஎச்பி நிரலை நினைவகத்தில் வைத்திருக்கும் ஆப்கேஷில், கோப்பு மாறியதா என்று பார்க்கும் நேரமுத்திரைச் சோதனையை அணைத்து வைத்திருப்பவர்கள் அப்டேட்டுக்குப் பிறகு எஃப்பிஎம்மை ரீலோட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பழைய நிரலே ஓடிக்கொண்டிருக்கும். எந்தச் சூழ்நிலையிலும் இந்தக் கிரானை ரூட்டின் பெயரில் போடாதீர்கள். ரூட்டாக ஓடாதே என்று டபிள்யூபி-சிஎல்ஐ தடுக்கிறது. அந்தத் தடையை ஒரு தெரிவு சேர்த்துத் தாண்டுவது எளிது, ஆனால் அப்படித் தாண்டியவர்கள்தான் ரூட் பெயரில் கிடக்கும் அந்தப் பிளகின் ஃபோல்டரை உருவாக்குகிறார்கள்.

வாடிக்கையாளர் தானே பிளகின் சேர்க்கும் தளத்துக்கு எஃப்பிஎம் பூல். பணம், தனிப்பட்ட தகவல் கையாளும் தளத்துக்கு வெளியிலிருந்து ஓட்டும் முறை. நான் பிரிப்பது இப்படித்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லையென்றால்

பிஎச்பி ஓடும் யூசராக மாறி அந்த ஃபோல்டரில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிப் பாருங்கள். கையால் உருவாகிறது, பிஎச்பியால் மட்டும் முடியவில்லை என்றால் சந்தேகிக்க வேண்டியது இரண்டு. ரெட்ஹேட் குடும்ப சர்வர்களில் எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு, சிஸ்டம்டி (சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) உள்ள சர்வர்களில் அது எஃப்பிஎம் சேவைக்குப் போட்டிருக்கக்கூடிய எழுதும் தடை. எஸ்ஈலினக்ஸ் பிஎச்பியை ஒரு கட்டுக்குள் வைத்திருக்கிறது, உங்கள் ஷெல்லுக்கு அந்தக் கட்டு இல்லை. அதனால்தான் கையால் செய்யும் சோதனை ஏமாற்றுகிறது. ஆடிட் லாகைப் பார்த்தால் மறுப்பு பதிவாகியிருக்கும். எஸ்ஈலினக்ஸையே அணைக்க வேண்டியதில்லை. அந்த ஃபோல்டருக்கு எழுதக்கூடிய வெப் உள்ளடக்கம் என்ற முத்திரையை நிலையான விதியாகச் சேர்த்து, பிறகு முத்திரைகளைப் புதுப்பிக்க வேண்டும். தற்காலிகமாகப் போட்ட முத்திரை அடுத்த புதுப்பிப்பில் அழிந்துவிடும்.

கையாலும் முடியவில்லை, பட்டியலில் எல்லாம் சரி என்றால் மேலே உள்ள ஃபோல்டர்களில் எதிலாவது நுழையும் அனுமதி இல்லாமல் இருக்கலாம், கோப்பில் மாற்றத்தடைப் பண்பு போடப்பட்டிருக்கலாம், வட்டு நிரம்பியிருக்கலாம்.

அனுமதிச் சிக்கலே இல்லாமல் அப்டேட் நிற்பதும் உண்டு. தளத்தின் ஃபோல்டரிலோ அதற்கு மேலோ கிட் ரெப்போ (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் களஞ்சியம்) இருந்தால் வேர்ட்பிரஸ் தானியங்கி அப்டேட்டைத் தானே தவிர்த்துவிடும். கோப்பு மாற்றங்களை முற்றிலும் தடுக்கும் மாறிலியைப் பாதுகாப்புக்காகச் சேர்த்திருந்தாலும் அப்படியே. எடிட்டரை மட்டும் மறைக்கத் தனி மாறிலி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

சரிசெய்யும்போது ஒரு எச்சரிக்கை. 644-ஐ ஃபோல்டர்களோடு சேர்த்து மொத்தமாகப் போட்டால் ஃபோல்டர்களுக்குள் நுழையும் அனுமதி போய்த் தளமே விழுந்துவிடும். ஃபோல்டர்களையும் கோப்புகளையும் ஃபைண்ட் கட்டளையால் பிரித்து எடுத்து, தனித்தனியாக 755, 644 கொடுங்கள். உரிமையாளரை முதலில் மாற்றுங்கள், எண்கள் பிறகு.

பாதியில் நின்ற அப்டேட் மூல ஃபோல்டரில் மெயின்டனன்ஸ் என்ற மறைகோப்பை விட்டுச் சென்றிருந்தால் அதை அழித்துவிடுங்கள். பத்து நிமிடம் கடந்தால் வேர்ட்பிரஸ் அதைப் பொருட்படுத்தாது என்றாலும், அதுவரை வருகிறவர்களுக்குப் பராமரிப்புச் செய்திதான் தெரியும். டபிள்யூபி-கன்டென்ட்டுக்குள் இருக்கும் அப்கிரேட் ஃபோல்டரையும், 6.3-இலிருந்து வந்த தற்காலிக பேக்கப் ஃபோல்டரையும் பாருங்கள். பழைய யூசர் பெயரில் அவை கிடந்தால் அடுத்த அப்டேட் அங்கேயே முட்டி நிற்கும்.