நேபாளமா, கூடலூரா? சிறுவர் முகாம் நடத்தப் போகும் நண்பர் குழுவுக்கு ஓர் ஒப்பீடு

மட்டக்களப்பிலிருந்து நண்பர்களாகச் சேர்ந்து வெளிநாடு சென்று, அங்குள்ள கிராமப் பிள்ளைகளுக்கு விடுமுறை முகாம் நடத்த விரும்புகிறவர்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தங்குமிடம், உணவு, கிராமம் அனைத்தையும் கட்டணத்துக்கு ஏற்பாடு செய்து தரும் முகவர் நிறுவனமொன்றின் மூலம் நேபாளம் போவது. மற்றது, தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளுக்கு, அங்கே ஆண்டு முழுவதும் வேலை செய்யும் உள்ளூர் அமைப்பொன்றின் அழைப்பில் போவது. எங்கள் குழு இரண்டையும் செய்து பார்த்துவிட்டுக் கூடலூரைத் தெரிவு செய்துகொண்டது. ஆகவே இதில் பக்கச்சார்பு உண்டு. அத்துடன், நேபாளத்தில் நான் கண்டது ஒரே ஒரு மலைக்கிராமம் மட்டுமே.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காத்மாண்டுக்குச் செலவு கூடுதல், கூடலூருக்கு அலைச்சல் கூடுதல். சென்னையில் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவோடிரவாக மேட்டுப்பாளையம் வந்து, மலைப்பாதையில் பஸ் ஏறி ஊட்டியைக் கடந்து கூடலூர் சேர்வதற்குள், முகாம் சாமான்களைச் சுமந்த தோள்கள் ஓய்ந்துவிடும். காட்சியழகை வைத்துத் தீர்ப்பதானால் நேபாளம்தான்.

வீசா விடயம் சற்றுக் கவனத்துக்குரியது. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் நாட்டவர் என்ற முறையில் இலங்கையருக்கு நேபாளம் ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் வீசாவை இலவசமாகவே தருகிறது. ஆயினும் அது சுற்றுலா வீசாதான்; அதை வைத்துக்கொண்டு, சம்பளம் வாங்காமல்கூட, வேலை செய்ய அந்நாட்டுக் குடிவரவு விதிகள் இடமளிப்பதில்லை. இதை எங்கள் முகவரிடம் கேட்டபோது, “எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்” என்ற பதிலே கிடைத்தது. இந்தியாவின் இணையவழிச் சுற்றுலா வீசாவோ, ஊதியமும் கைம்மாறும் இல்லாத குறுகிய காலத் தன்னார்வப் பணியை ஒரு மாதம் வரை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.

இவ்வளவையும் எப்படியாவது சமாளிக்கலாம். எங்கள் முடிவைத் தீர்மானித்தது மொழி. நேபாளத்தின் 2021 கணக்கெடுப்பில் 124 மொழிகள் பதிவாகியுள்ளன. நேபாளியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவு. நாங்கள் போனது தமாங் மக்களின் கிராமம். எங்களுக்கே இரவல் மொழியான ஆங்கிலத்தில் நாங்கள் சொல்வதை உள்ளூர் ஆசிரியை ஒருவர் நேபாளியில் சொல்ல, அதுவும் விளங்காத சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தமாங்கில் சொல்வாள். கிளித்தட்டு விளையாட்டுக்குக் கோடு கீறி, யார் கிளி, யார் எந்தத் தட்டை மறிப்பது என்பதை இந்த மூன்று படிகளில் விளக்கி முடிப்பதற்குள் பாதிப் பிள்ளைகள் கோட்டின் மீதே குந்தி மண் அளையத் தொடங்கிவிட்டார்கள். மறுநாளிலிருந்து பேச்சு தேவைப்படும் எதையும் நாங்கள் தொடவில்லை. வண்ணம் தீட்டுதல், காகிதம் மடித்தல், பந்து, அபிநயப் பாட்டு என்று முகாம் சுருங்கிப்போனது. பிள்ளைகள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள். ஆனால் ஒருவன் மற்றவனின் படத்தைக் கிழித்தபோது, ஏன் கிழித்தான் என்று கேட்கவும் தெரியாமல், அழுதவனைத் தேற்றவும் தெரியாமல் நாங்கள் ஓரமாக நின்றோம். மதியத்துக்குள் தொண்டை கட்டிப்போன அந்த ஆசிரியைதான் உண்மையில் முகாமை நடத்தினார்; நாங்கள் பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருந்தோம்.

இந்த நிலையை மறுபக்கத்திலிருந்தும் எங்களுக்குத் தெரியும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எங்கள் கரையோரப் பாடசாலைகளுக்கு வெளிநாட்டவர் பலர் வண்ணப் பெட்டிகளோடு வந்தார்கள். நான் வரைந்திருந்த படத்தைக் கையில் எடுத்து ஒரு பெண்மணி நெடுநேரம் ஏதோ பேசினார், இடையில் கேள்வி கேட்பது போலவும் இருந்தது. மொழிபெயர்க்க வந்த அண்ணன் அத்தனையையும் கேட்டுவிட்டு, “வடிவா இருக்காம்” என்றார். அந்தப் பெண்மணி என்னதான் கேட்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கூடலூரில் இந்தச் சுவர் இல்லை. இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியோர் என்று கணக்கிடப்பட்ட 5,25,000 மலையகத் தமிழரில் (இலங்கைத் தோட்டங்களின் இந்திய வம்சாவளியினர்) ஒரு பகுதியினர் வந்து சேர்ந்த இடங்களுள் நீலகிரியும் ஒன்று. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இன்று அவற்றை நடத்தும் அரசு நிறுவனத்தின் பெயர் டான்டீ. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளுமே எங்கள் முகாமுக்கு வருகிறவர்கள். எங்கள் பேச்சைக் கேட்டு முதலில் “நீங்க மலையாளமா?” என்று கேட்டவர்கள், அன்று பின்னேரமே எங்களைப் போலப் பேசிக்காட்டி ஆளையாள் தள்ளிச் சிரித்தார்கள். முகாம் வாசலில் நின்ற பாட்டி ஒருவர், நாங்கள் இலங்கை மலையகத்தின் பதுளைப் பக்கமா என்று விசாரித்தார்.

மொழி கிடைத்ததும் முகாமின் வேலையே மாறிவிடுகிறது. கதை சொல்லலாம், கதை கேட்கலாம், சண்டையை விசாரிக்கலாம். எங்கள் குழுவில், மட்டக்களப்பின் மரபுக் கூத்தான வடமோடி பழகிய ஒருவர் இருந்தார். அவர் தாளக்கட்டையும் சில ஆட்டங்களையும் சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் தாங்களே ஒரு யானைக் கதையைக் கட்டினார்கள். யானையாக ஆட வந்த சிறுமி, வீட்டை உடைக்கும் இடத்தில் ஆட மறுத்துவிட்டாள். “அது பலாப்பழம் திங்கத்தான் வருது, நம்மள அடிக்க இல்ல” என்பது அவளுடைய வாதம். யானை தாக்கி உறவினரை இழந்திருந்த ஒரு பையன் அதற்குச் சொன்ன பதில் அரைமணி நேரப் பேச்சாக விரிந்தது. அவன் வீட்டை அறிந்திருந்த உள்ளூர் அமைப்பின் அக்கா, முகாம் முடிந்தபின் அங்கே போய்ப் பார்த்தார். எங்கள் மட்டக்களப்பின் போரதீவுப்பற்றில் யானைக்குப் பயந்து மாலையில் வீடடங்கும் ஊர்களை அறிந்த எங்களுக்கு, முகாமை ஏன் மூன்று மணிக்கே முடிக்க வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த நன்மைக்கும் எல்லை உண்டு. பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி வேறு. அவர்களிடம் எங்கள் தமிழும் பள்ளிக்கூடத்து மொழியாகவே போய்ச் சேருகிறது. அவர்களுடைய குடியிருப்புகளில் நாங்கள் தனியாக முகாம் நடத்தியதில்லை. நடத்தினால் எப்படி அமையும் என்று என்னால் சொல்ல முடியாது.

மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமங்களில் பிள்ளைகள் இல்லையா என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒரே வளவுக்குள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரவழைத்து, உள்ளூரவரைக் கொண்டே வேலை செய்தது. விடுமுறைக்கு வந்துபோகும் எந்தக் குழுவும் அந்த ஆழத்தைத் தொடாது. வெளிநாட்டு முகாமில் கூடுதலாகக் கற்றுக்கொள்கிறவர்கள் போகிறவர்களே என்பதை ஒப்புக்கொண்டுதான் நாங்கள் பணம் சேர்க்கிறோம்.

நேபாளத்துக்கே போக விரும்புகிறவர்கள், பிள்ளைகளுக்கு நேரடியாக முகாம் நடத்துவதை விட, உடற்கல்வி, முதலுதவி போன்று தமக்குத் தெரிந்த ஒன்றை அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பழக்கிவிட்டு வருவது நல்லது. அதற்குரிய அனுமதியை அழைக்கும் நிறுவனமே முன்கூட்டிப் பெற்றிருக்க வேண்டும். அநாதை இல்லமொன்றில் சேவை என்று முகவர் ஆசை காட்டினால் விலகிக்கொள்ளுங்கள். அவ்வாறான இல்லங்களில் உள்ள பிள்ளைகள் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள். கூடலூர் அமைப்பு எங்களிடம் முதலில் கேட்டது பொலிஸ் நற்சான்றிதழை; முகவர் முதலில் கேட்டது முற்பணத்தை.

கூடலூருக்கு ஏற்ற காலம் மே மாதம். அப்போது அங்கே பள்ளி விடுமுறை. எங்கள் ஓகஸ்ட் விடுமுறையில் போனால் தென்மேற்குப் பருவமழையில்தான் நனைய வேண்டியிருக்கும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கோப்பைகளும் தண்ணீர்ப் போத்தல்களும் நீலகிரியில் தடை செய்யப்பட்டவை என்பதால், பிள்ளைகளுக்குச் சர்பத் கொடுக்க எவர்சில்வர் கோப்பைகளையே வாங்க வேண்டும். திருச்சபை இளைஞர் குழுவாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியச் சுற்றுலா வீசாவில் மதப் பிரசாரத்துக்கு இடமில்லை. நேபாளத்திலும் 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் கோவைப்படி மதமாற்ற முயற்சி தண்டனைக்குரியது. விவிலியக் கதைகளும் துதிப்பாடல்களும் உங்கள் முகாமின் வழக்கமான அங்கமாக இருந்தால், நிகழ்ச்சி நிரலை அழைக்கும் அமைப்பிடம் முன்னதாகவே அனுப்பி, அவர்கள் நீக்கச் சொல்வதை நீக்கிவிட்டே விமானச் சீட்டை எடுங்கள்.