ஃபுர்ட்வெங்லர் தட்டில் ‘ஸ்டீரியோ’ என்று போட்டிருந்தால் உஷார்!

ஜெர்மன் கண்டக்டர் ஃபுர்ட்வெங்லர் நடத்திய பீத்தோவன் சிம்பனி எல்பி ஒன்று, ‘அசல் ஸ்டீரியோ, ஆர்கெஸ்ட்ரா அப்படியே கண்முன் விரியும்’ என்ற விளம்பரத்தோடு மோனோ (இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்) தட்டின் இரு மடங்கு விலைக்கு ஆன்லைனில் விற்கப்பட்டது. வந்தது போலி ஸ்டீரியோ. விளம்பரத்தில் முன்னட்டைப் படம் மட்டும்தான். மோனோ பதிவை எலக்ட்ரானிக் முறையில் மாற்றியது என்ற வரி பின்னட்டையின் அடியில், பொடி எழுத்தில் இருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், “அட்டையில ஸ்டீரியோன்னுதானே சார் போட்டிருக்கு” என்கிறார்கள். பணம் வரவே இல்லை.

ஆண்டுக் கணக்கே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஃபுர்ட்வெங்லர் இறந்தது 1954 நவம்பரில். ஸ்டீரியோ எல்பி கடைக்கு வந்தது 1958-ல். இன்னொரு பெரிய கண்டக்டரான டோஸ்கானினி ஓய்வுபெற்றதும் 1954-ல்தான். அமெரிக்க வானொலி நிறுவனமான என்பிசிக்காக அவர் நடத்திய கடைசிக் கச்சேரிகள் சோதனை முயற்சியாக ஸ்டீரியோவில் பதிவானது உண்மை. ஆனால் 1961 முதல் ஆர்சிஏ இசைத்தட்டு கம்பெனி அவர் பெயரில் விற்ற எலக்ட்ரானிக் ஸ்டீரியோ தட்டுகள் வேறு சங்கதி, மோனோவை மாற்றிய போலிகள். கேப்பிடல் கம்பெனி இதே வித்தைக்கு ‘டுயோஃபோனிக்’ என்று பெயர் வைத்தது.

வித்தை இதுதான்: ஒரே மோனோ ஒலியை இரண்டாக்கி, ஒரு சேனலில் கீழ் ஸ்தாயியைத் தூக்கி, மற்றதில் மேல் ஸ்தாயியைத் தூக்குவார்கள். சில சமயம் ஒரு சேனலைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்துவார்கள். எதிரொலியும் சேரும். ஒலி அகலமாகும், ஆனால் எந்த வாத்தியத்துக்கும் இடம் இருக்காது.

தனி வயலினோ செல்லோவோ கீழிருந்து மேலே ஏறும் இடத்தைக் கேளுங்கள். அசல் ஸ்டீரியோவில் வாத்தியம் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். போலியில் ஸ்வரம் ஏற ஏற ஒரு ஸ்பீக்கரிலிருந்து மற்றதற்கு நகரும்.

ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் ஒரு சேனலைத் தலைகீழாக்கி மற்றதோடு கலந்து பார்ப்பது பலரும் செய்யும் சோதனை. சுத்த மோனோ என்றால் இசை மறைந்து தட்டின் கரகரப்பு மட்டும் மிஞ்சும். இதை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் போலி ஸ்டீரியோவிலும் இசை மிஞ்சும். அதனால் இரண்டு சேனலின் ஸ்பெக்ட்ரத்தையும் (எந்த ஸ்தாயியில் எவ்வளவு ஒலி என்ற வரைபடம்) தனித்தனியே எடுங்கள். பாட்டு முழுக்க ஒன்று பாஸ் பக்கமும் மற்றது ட்ரெபிள் பக்கமும் ஒரே மாதிரி சாய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆம்பிளிஃபயரின் மோனோ பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும் என்று விற்பவர் சமாதானம் சொல்வார். ஆகாது. 5 மில்லிசெகண்ட் தாமதம் இருந்தால், கலக்கும்போது 100, 300, 500 ஹெர்ட்ஸ் என வரிசையாகப் பள்ளம் விழும். செல்லோக்கள் பொள்ளலாக ஒலிக்கும். அந்தப் பதிவு வேண்டுமென்றால் நல்ல மோனோ பிரதியையே தேடுங்கள், அருமையாக இருக்கும். மேடையைக் கண்முன் காட்டும் பழைய பதிவுதான் வேண்டுமென்றால் 1954-ல் கண்டக்டர் ஃப்ரிட்ஸ் ரைனர் சிகாகோவில் ஆர்சிஏவுக்காக அசல் ஸ்டீரியோவிலேயே பதிந்த, ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘ஆல்ஸோ ஷ்ப்ராக் ஸாரதுஷ்ட்ரா’ போதும்.

பணம் கட்டும் முன் பின்னட்டை, லேபிள் இரண்டின் தெளிவான படத்தையும் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் வாங்காதீர்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். பணம் திரும்பக் கேட்கும்போது அதையும் பின்னட்டைப் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.