நங்கநல்லூர் வீட்ட விக்கப் போன மூணு வாரம்

மெல்போர்ன்லேர்ந்து 2025 ஜனவரில மூணு வாரம் லீவு போட்டுட்டு வந்தேன், ஒரே வேலைதான், சென்னை நங்கநல்லூர்ல அப்பா கட்டின வீட்ட வித்துட்டு கெளம்பறது. மூணு வாரம் தாராளம்னு கணக்கு போட்டவனுக்கு பொங்கல் மறந்து போச்சு. 14லேர்ந்து 19 வரைக்கும் தொடர்ந்து லீவு, ஒரு ஆபீசும் கெடையாது.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். வில்லங்கம், அதாவது சொத்து மேல என்னென்ன விற்பனை, அடமானம் பதிவாயிருக்குன்னு பாக்க அப்பா காலத்துல அர நாள் ரிஜிஸ்டர் ஆபீஸ் பெஞ்சுல உக்காரணும், இப்போ பதிவுத்துறை சைட்ல 1975லேர்ந்து எல்லாத்தையும் காசில்லாம வீட்டுலயே பாத்துக்கலாம். எங்க மனை வாங்கினது 1973, அதனால அந்த ரெண்டு வருஷத்துக்கு மட்டும் தனியா மனு போட்டோம், நாலு நாள்ல கெடச்சுது. சொத்துவரி பாக்கிய ஃபோன்லயே கட்டியாச்சு.

மாட்டிக்கிட்டது எங்கன்னா, பத்திரத்துல அப்பா பேரு 'ன்'ல முடியுது, தாலுகா ஆபீஸ் குடுக்கற பட்டாவுல 'ம்'ல முடியுது. ஒரு எழுத்து சார்! ரெண்டும் ஒரே ஆள்தான்னு நோட்டரி அஃபிடவிட் வாங்கி, அக்காவ கோயமுத்தூர்லேர்ந்து வரவழைச்சு, வாரிசு சர்டிபிகேட்டையும் தூக்கிக்கிட்டு மூணு தடவ தாலுகா ஆபீஸ் நடந்தோம்.

புரோக்கர் வந்தாரு. வீட்டுக்குள்ள ரெண்டு நிமிஷம்கூட நிக்கல, நேரா தெருவுக்குப் போயி ரோடு எத்தன அடின்னு டேப் புடிச்சாரு. "கட்டடத்துக்கு ஒண்ணும் இல்ல சார், ஒரு கிரவுண்டு எடம் (2400 சதுர அடி), அதுக்குத்தான் ரேட்டு"ன்னுட்டாரு. தேக்கு கதவு, ரெட் ஆக்சைடு தரை, பின்கட்டுல அம்மாவோட ஆட்டுக்கல், எல்லாம் சேத்து சைபர். தப்பு சொல்லவும் முடியல, எங்க தெருவுல தனி வீடுன்னு பாக்கி நிக்கறதே மூணுதான், மத்ததெல்லாம் கீழ கார் பார்க்கிங் மேல ஃபிளாட்டு. பாக்க வந்த பார்ட்டி எல்லாரும் மெட்ரோ எவ்ளோ தூரம்னு கேட்டாங்க, அடுத்த கேள்வி 2015 வெள்ளத்துல தண்ணி வந்துதா. ரெண்டாவது படி வரைக்கும் வந்துதுன்னு உள்ளத சொன்னேன், புரோக்கர் மொறச்சாரு.

மொத பார்ட்டி பாதி கறுப்புல தரேன்னாரு. நான் அத வச்சு என்ன பண்றது, பேங்க் வழியா கணக்கு காட்டி, அப்போ இருந்த 15சிஏ, 15சிபிங்கற வருமான வரி ஃபாரம் குடுத்தாத்தான் பணம் வெளிநாடு போகும், வேண்டாம்னுட்டேன். ரெண்டாவது பார்ட்டி எல்லாத்துக்கும் சரின்னாங்க, டிடிஎஸ், அதாவது வாங்கறவங்களே வெலைலேர்ந்து வரிய புடிச்சு கட்டற பேச்சு வந்ததும்தான் மூஞ்சி மாறிடுச்சு. அப்போ இருந்த ரூல்படி உள்ளூர் ஆள்கிட்ட வாங்கினா 1% புடிச்சு கட்டினா போதும், என்னை மாதிரி வெளிநாட்டுல இருக்கற என்ஆர்ஐகிட்ட வாங்கினா அவங்க டான்னு வரி புடிக்கறதுக்கான தனி நம்பர் எடுக்கணும், லாபத்துல இல்ல மொத்த வெலையிலயே புடிக்கணும், ஒரு கோடிய தாண்டினா சர்சார்ஜ், செஸ்னு மேல்வரி எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 15% வந்துது. அப்போ வருமான வரி ஆபீஸுக்கு ஃபார்ம் 13 போட்டு குறைச்சலான டிடிஎஸ்ஸுக்கு சர்டிபிகேட் வாங்க முடிஞ்சுது, ஆனா அது மூணு வாரத்துல கைக்கு வர்ற விஷயமா? ஆடிட்டர் சிரிச்சிட்டே "சார், இத டிக்கெட் போடறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்"ன்னாரு. ஊருக்கு வர்றவங்க யாரும் என்னை மாதிரி புரோக்கர மொதல்ல புடிக்காதீங்க, ஆடிட்டர புடிங்க.

கடைசில அதே பார்ட்டி அட்வான்ஸ் குடுத்து, சர்டிபிகேட் வர்ற வரைக்கும் காத்திருக்கறதா அக்ரிமென்ட் போட்டாங்க. என் பாகத்துக்கு அக்கா பேர்ல பவர் (எனக்கு பதிலா கையெழுத்து போடற அதிகாரம்) எழுதி, கெளம்பறதுக்கு முன்னாடி இங்கயே ரிஜிஸ்டர் பண்ணிட்டேன், மெல்போர்ன் போயி தூதரகத்துல அட்டெஸ்ட் வாங்கி அனுப்பி இங்க திரும்ப ஸ்டாம்ப் போடற அலைச்சல் மிச்சம். பவர் பதிவு நாளன்னிக்கு டோக்கன் நேரம் பதினொண்ணு, கூப்பிட்டது ஒண்ணரைக்கு, உள்ள வேலை பத்து நிமிஷம்.

சாவி இப்போ எதிர்வீட்டு மாமிகிட்ட இருக்கு. வாரத்துக்கு ஒருதரம் மோட்டார் போட சொல்லியிருக்கேன், மாமி ஆட்டுக்கல்ல மட்டும் கேட்டாங்க, எடுத்துக்கோங்கன்னேன், அத தரையிலேர்ந்து பேத்து எடுக்க ஆள்தான் கெடைக்கல.